முந்நூற்றைம்பது வாட்

கீவே தீவுக்கு மூன்று வாரத்துக்கு என்று வந்தேன். இது நான்காவது மாதம்.

வால்டிவியா நகரத்தில் எங்கள் கல்லூரியில் மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர்களை ஜூலையில் வரும் குளிர்கால விடுமுறையில் பயிற்சிக்கு அனுப்புவார்கள். முதல் மதிப்பெண் எடுத்தவனுக்குத் தலைநகரக் கட்டுப்பாட்டு அறை கிடைத்தது. சுவர் முழுக்கத் திரை, பொத்தானை அமுக்கினால் காபி. கடைசி மதிப்பெண் எடுத்தவனுக்குக் கீவே. ஒரு தகரக் கொட்டகை, ஒரு டீசல் எஞ்சின், ஒரு செஃபெரினோ.

செஃபெரினோ ஒயார்சோவுக்கு ஐம்பத்தாறு வயது. எஞ்சினுக்கு இருபத்தெட்டு. இருவரும் ஒரே மாதிரி இருமுவார்கள். மாலை ஆறு மணிக்கு அவர் எஞ்சினைக் கிளப்பினால் தீவின் அறுபத்தொரு வீடுகளுக்கும் வெளிச்சம் வரும். பன்னிரண்டுக்குக் கைப்பிடியை இழுத்தால் போய்விடும். இருபத்தெட்டு வருடமாக ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் மட்டும் கடவுளாக இருந்த மனிதர். மீதிப் பதினெட்டு மணி நேரம் உருளைக்கிழங்கு நட்டார்.

என் வேலை ஒரு படிவத்தை நிரப்புவது. புவெர்தோ மோந்த் நகரத்து அலுவலகம் அனுப்பியது. 'அடுத்த ஐந்தாண்டு மின் தேவைக் கணிப்பு.' நாற்பது பக்கம். இரண்டாம் பக்கத்தில், தீவின் மின்சாரம் எதிலிருந்து எத்தனை சதவீதம் வருகிறது என்று கேட்டிருந்தார்கள். டீசல் நூறு என்று எழுதினேன். சூரியன் பூஜ்யம். காற்று பூஜ்யம் என்று எழுதிக்கொண்டிருந்தபோது காற்று கொட்டகையின் கூரைத் தகரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போனது. கூரைக்கு வேறு படிவம்.

முக்கியமான பக்கம் பதினேழு. அதில் இருந்த விதியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: ஒரு சனிக்கிழமை இரவு எட்டிலிருந்து எட்டேகால் வரை தீவு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று சீல் வைத்த ஒரு பெட்டி பதிவு செய்யும். நாற்பது கிலோவாட்டைத் தொட்டால் சூரியத் தகடும் பேட்டரியும் வரும், இருபத்துநாலு மணி நேரமும் கரண்ட். தொடாவிட்டால் இன்னும் ஐந்து வருடத்துக்கு அதே ஆறு மணி நேரம்.

கீவே சாதாரணமாக இழுப்பது முப்பத்தொன்று.

முதல் நாளே செஃபெரினோ மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குவளையை என் பக்கம் நீட்டிவிட்டுக் கேட்டார்: "அந்தப் பேப்பர்ல எங்க வீட்டு மெஷினையும் எழுதிக்குவீங்களா தம்பி?"

"என்ன மெஷின்ணே?"

அவருடைய மனைவி எர்மினியாவின் மெஷின். நாற்பது வருடம் விறகடுப்புப் புகையைக் குடித்ததில் அந்த அம்மாவின் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ஆக்சிஜன் மெஷின் பக்கத்தில் இருந்து விடியவிடிய ஓடினால்தான் தூங்க முடியும். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போகும் தீவில் விடியவிடிய எதுவும் ஓடாது. அதனால் எர்மினியா பெரிய தீவில், தால்காவேயில், தங்கை வீட்டில் இருந்தார். இரண்டு வருடமாக. படகில் மூன்று மணி நேரம். ஊருக்கே கரண்ட் கொடுக்கிற மனுஷன், பெண்டாட்டிக்குக் கொடுக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமைப் படகில் மனைவிக்குப் புகைபோட்ட சிப்பி அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று போன் பேசுவார்.

"எத்தனை வாட்ணே?"

"முந்நூத்தம்பது."

படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். "முழுக் கிலோவாட்டாத்தான் எழுதணும்ணே. பாதிக்குக் கீழ இருந்தா பூஜ்யம்னு போடச் சொல்லியிருக்கு."

யோசித்தார். "அப்ப ரெண்டு எர்மினியா இருந்தா?"

"எழுநூறு வாட். ஒண்ணுன்னு போடலாம்."

"ஒருத்தி திட்டையே தாங்க முடியல," என்று குவளையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சிரித்த மாதிரிதான் இருந்தது.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கல்லூரியில் காட்டாத அக்கறை. ஒவ்வொரு வீட்டிலும் என்னென்ன இருக்கிறது என்று செஃபெரினோவுக்கு மனப்பாடம். இஸ்திரிப் பெட்டி இருபத்திரண்டு, கெட்டில் பதினாலு, துணி துவைக்கும் மெஷின் ஒன்பது, முடி காயவைக்கும் மெஷின் மூன்று, அதில் ஒன்று பாதிரியாருடையது. எல்லோரும் எட்டு மணிக்கு எல்லாவற்றையும் போட்டால் நாற்பத்தைந்து தாராளமாக வரும். எஞ்சின் நூறு தாங்கும்.

"இது ஏமாத்துறது இல்லையா தம்பி?"

"இல்லண்ணே. எட்டு மணிக்கு இஸ்திரி போடக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல."

படகுத்துறையில் ஒட்ட ஒரு நோட்டீஸ் எழுதினேன். 'சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அனைவரும் தத்தம் வீட்டில் எல்லா மின்சாதனங்களையும் இயக்கவும்.' தத்தம் வீட்டில் என்பதற்கு அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். செஃபெரினோ படித்துவிட்டு அதை நான்காக மடித்து அடுப்பில் போட்டார்.

"நோட்டீஸ் ஒட்ட நான் என்ன எலெக்சன்லயா நிக்கிறேன்? உதவி கேக்குறவன் வாசல்ல போயி நிக்கணும்."

தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அறுபது வீடு, இரண்டு நாள். கீவேயில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், அது மிங்கா. எதற்கு என்றுகூட முழுசாகக் கேட்காமல் மாட்டை ஏரில் பூட்டிக்கொண்டு வருவார்கள். உருளைக்கிழங்கு தோண்ட வருவார்கள், கூரை வேய வருவார்கள். கூலி கிடையாது. கூப்பிட்டவர் வயிறாரச் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வால்டிவியாவில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றால், "அடுத்த வீட்டைப் பாருங்க" என்போம். ஆகவே எனக்கு இதெல்லாம் பார்க்க நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால் யோசிக்கவில்லை.

செஃபெரினோ தன் பன்றியை வெட்டினார். இருந்தது ஒன்றுதான். ஊர்ப் பொதுக்கூடத்தின் பின்னால் குழி வெட்டிக் கல்லைப் பழுக்கக் காய்ச்சி, சிப்பி, பன்றிக்கறி, உருளைக்கிழங்கு எல்லாம் அடுக்கி இலை போட்டு மூடும் குராந்தோ விருந்துக்கு ஏற்பாடு.

"சாப்பாடு ஒன்பதுக்குத்தானேண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெந்ததும் சாப்பிட வேண்டியதுதான்," என்றார். நான் தலையாட்டினேன். இந்தத் தலையாட்டலைத்தான் இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை. ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. செஃபெரினோ எஞ்சினைக் கிளப்பி என் கையில் ஒப்படைத்துவிட்டு விருந்தைக் கவனிக்கப் போனார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இருபத்தெட்டு வருடத்தில் எஞ்சினை இன்னொருவரிடம் விட்டுப் போவது அதுதான் முதல் தடவை.

ஏழு மணிக்கு முள் இருபத்தெட்டில் நின்றது. ஏழு இருபதுக்கு முப்பத்தொன்று. சரி, எட்டுக்கு எகிறும் என்று சீட்டியடித்துக்கொண்டிருந்தேன்.

ஏழரைக்கு முப்பது.

ஏழே முக்காலுக்கு இருபத்துநாலு.

மீட்டரைத் தட்டினேன். பதினெட்டு ஆனது. இன்னொரு தடவை தட்டப் பயமாக இருந்தது. வயர் ஏதும் அறுந்துவிட்டதோ என்று கதவைத் திறந்து பார்த்தேன். வயர் நன்றாகத்தான் இருந்தது. மலைச்சரிவில் வீடுகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. அணைந்த வீட்டிலிருந்தெல்லாம் ஒரு கைவிளக்கு வெளியே வந்து சாலையில் சேர்ந்தது. அறுபது வீட்டுச் சனமும் வரிசையாகப் பொதுக்கூடத்தைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தை குட்டியோடு, நல்ல துணி உடுத்திக்கொண்டு. ஒவ்வொருவர் கையிலும் ஏதோ இருந்தது. முன்னால் வந்தவர் நெருங்கியதும் தெரிந்தது. இஸ்திரிப் பெட்டி.

"வீட்டுக்குப் போங்க!" என்று கத்தினேன். "வீட்டுக்குப் போயி போடுங்க!"

எஞ்சின் சத்தத்தில் அவர்களுக்கு என் வாய் அசைவது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் அன்பாகக் கையசைத்தார்கள். பாதிரியார் முடி காயவைக்கும் மெஷினை உயர்த்திக் காட்டினார்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓடுகிற எஞ்சினை விட்டு நகரக் கூடாது என்று செஃபெரினோ சத்தியம் வாங்கியிருந்தார். சுமை குறைந்த டீசல் எஞ்சின் முக்கிக்கொண்டு ஈரப்புகையாகக் கக்க ஆரம்பித்திருந்தது. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். எட்டு மணிக்குச் சீல் வைத்த பெட்டி 'டிக்' என்றது. அப்போது பொதுக்கூடத்தில் முள்ளைத் தூக்குகிற மாதிரி எதையோ செருகியிருக்கிறார்கள். ஒரு நொடி பதினைந்துக்குத் துள்ளியது. துள்ளிய வேகத்தில் விழுந்தது. அந்தக் கூடத்துக்கு இருந்தது ஒரே ஒரு ஃபியூஸ்.

ஆறு.

தீவே இருட்டு. மேட்டில் ஒரே ஒரு ஜன்னல் மட்டும் மஞ்சளாக எரிந்தது. அது செஃபெரினோ வீட்டு அடுப்படி. ஆளில்லாத வீட்டில் விளக்கெரிய விடுவது கீவேக்காரர்களுக்குக் குற்றம் மாதிரி. அவர் ஒருவர்தான் எப்போதும் அடுப்படி விளக்கைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு வருவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அந்தக் கால்மணி நேரம் முழுவதும் அந்த ஜன்னலையும் முள்ளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டேகாலுக்குப் பெட்டி மறுபடி 'டிக்' என்றது. நல்ல பெட்டி. நேரம் தவறாது.

நெல்டா தட்டு நிறையக் கறியோடு வந்தாள். ஊர்ச் சங்கத் தலைவி அவள். கடையும் அவளுடையதுதான். தீவின் ஒரே பெரிய ஃப்ரீசர் அந்தக் கடையில்தான் இருந்தது. என் பெயர் யூரி என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"ஏய் வால்டிவியா! எவ்வளவு காட்டுச்சு?"

"ஆறுக்கா."

"அறுபதா? போடு!"

"ஆறு."

தட்டை எஞ்சின் மேல் வைத்தாள். "அதெப்படி ஆறு? ஒரு வீடு பாக்கியில்லாம எல்லாரும் வந்துட்டோமே!"

"அதான்கா. எல்லாரும் வந்துட்டீங்க."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கோபம் வந்தது. "பின்ன? ஒருத்தன் தொப்பியக் கழட்டிட்டு வந்து கேட்டிருக்கான். வீட்ல உக்காந்த எடத்துலயே சுவிட்சப் போட்டா அது உதவியாடா? மூஞ்சியக் காட்ட வேண்டாமா? நாளைக்கு அவன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

கல்லூரியில் மின் தேவைக் கணிப்பு என்று ஒரு முழுப் பாடம் வைத்திருக்கிறார்கள். வெப்பநிலை, மக்கள்தொகை, வருமானம் எல்லாம் வரும். இது வராது.

செஃபெரினோ பத்து மணிக்குத்தான் வந்தார். கூடத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லோருக்கும் பரிமாறி முடித்துவிட்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் கறிச்சாறு. நெல்டா ஏற்கனவே சொல்லியிருக்க வேண்டும். முள்ளைப் பார்க்கவில்லை. எண்ணெய்த் துணியை எடுத்து எஞ்சினைத் துடைத்தார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே," என்றேன்.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"பன்னி நல்லா வெந்திருந்துச்சில்ல?" என்றார்.

திங்கட்கிழமை மேட்டில் ஏறி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். என் மேலதிகாரி வெர்காரா மேடம் நல்லவர். வேகமாகப் பேசுவார்.

"ஆறு கிலோவாட்டா? யூரி, தீவு இன்னும் தண்ணிக்கு மேலதான் இருக்கா?"

நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் முதலில் சிரிப்பு. பிறகு சிரித்ததற்கு வருத்தம்.

"இதை எழுத ஒரு கட்டம் இருக்கான்னு பாக்குறேன் இரு... இல்ல. புயல், நிலநடுக்கம், எரிபொருள் தட்டுப்பாடு, அவ்வளவுதான் இருக்கு."

"இன்னொரு சனிக்கிழமை அளக்கலாமா மேடம்?"

"பொட்டியோட பட்டியல்ல அடுத்து எழுபது தீவு இருக்குப்பா. கீவேக்கு மறுபடி வர அஞ்சு வருஷம்."

"ஒரே ஒரு மெஷின் மேடம். முந்நூத்தம்பது வாட். ராத்திரில மட்டும்."

"தெரியுது. ஆனா பாதிக்குக் கீழன்னா நான் என்ன போட முடியும் சொல்லு?"

அவர் போடப்போவது பூஜ்யம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பதினேழாம் பக்கத்தில் ஆறு என்று எழுதினேன். அதற்கு அடுத்து, 'வரும் ஆண்டின் எதிர்பார்க்கப்படும் உச்சத் தேவை' என்ற கட்டத்தில், எப்போதும் போல முப்பத்தொன்று என்று எழுதி, செவ்வாய்க்கிழமைப் படகில் சிப்பிப் பொட்டலத்தோடு சேர்த்து அனுப்பினேன்.

பத்து நாள் செஃபெரினோ எஞ்சினோடு மட்டும் பேசினார். ஞாயிற்றுக்கிழமை மேட்டிலிருந்து இறங்கி வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தால்காவேல கரண்டு விடியவிடிய இருக்குமில்ல?"

"இருக்கும்ணே. கடலுக்கடியில கேபிள் போட்டுக் கொண்டுவர்றாங்க."

"அவ தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துல ஒரு துண்டு நெலம் சும்மா கிடக்கு." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஆனா இன்னொருத்தர் வீட்ல போயி எப்படி இருக்குறது?"

மறுநாள் மறுபடி வீடு வீடாகப் போனார். இந்தத் தடவை சாப்பாடு போடப் பன்றி இல்லை. அதைச் சொல்லி முடிக்கும் முன்பே ஆளாளுக்கு ஆடு தருகிறேன் என்றார்களாம். ஊருக்கே ஒரு குற்ற உணர்ச்சி, அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் இருந்தார்கள்.

ஆகஸ்ட் பௌர்ணமிக்குக் கடல் நன்றாக ஏறி வந்த அன்று செஃபெரினோவின் வீட்டையே தால்காவேக்குக் கொண்டுபோக இழுத்தார்கள். மரவீடு. அடித்தளக் கட்டைகளிலிருந்து நெம்பி, உருளைத் தடிகள் மேல் ஏற்றி, பதினான்கு சோடி மாடு பூட்டி, அறுபது வீட்டு ஆண்களும் பெண்களும் தோள் கொடுத்து, மேட்டிலிருந்து கரைக்கு. கூரையும் சுவரும் கழற்றிய வெறும் சட்டம் என்று நினைக்க வேண்டாம். ஜன்னல், திரைச்சீலை, அடுப்புப் புகைக்குழாய் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அடுப்படி பல்பு உத்தரத்திலிருந்து ஆடிக்கொண்டே வந்தது.

கயிற்றை இழுத்துக்கொண்டே நெல்டா என்னைப் பார்த்துக் கத்தினாள்: "ஏய் வால்டிவியா! இப்ப எல்லாரும் வந்துட்டோம், சரிதானா? இல்ல வீட்லயே இருக்கணுமா?"

"இதுக்கு வரணும்கா."

"எதுக்கு வரணும், எதுக்கு வரக்கூடாதுன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டிரு!"

பக்கவாட்டில் காலி டிரம்களைக் கட்டி வீட்டைத் தண்ணீரில் இறக்கினார்கள். கொஞ்சம் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்து மிதந்தது. இரண்டு மோட்டார் படகுகள் கயிற்றை இழுத்தன. செஃபெரினோ கடைசியாகப் படகில் ஏறும் முன் என்னிடம் கொட்டகைச் சாவியைக் கொடுத்தார்.

"புது ஆளு வர்ற வரைக்கும். ஒரு வாரத்துல அனுப்பிருவாங்களாம்."

"ஒரு வாரம்தானேண்ணே," என்றேன்.

அதுவும் ஒரு கணிப்புதான்.

வீடு முனையைத் திரும்பி மறையும்வரை ஊரே கரையில் நின்றது. அப்புறம் ஆட்டுக்கறி தின்னப் போனார்கள். எனக்கு மணி ஆறாகிக்கொண்டிருந்தது.

அன்று மாலை உச்சத்தில் முள் முப்பது புள்ளி ஆறில் நின்றது. இல்லாமல் போனது செஃபெரினோ வீட்டின் புள்ளி நான்கு. குறிப்பேட்டில் எழுதப்போனேன். படிவத்தின் முறைப்படி முழுக் கிலோவாட்டில் எழுத வேண்டும். முப்பத்தொன்று. என் கணிப்பு பலித்துவிட்டது. வாழ்க்கையில் நான் சரியாகப் போட்ட முதல் விடை. ஒரு மனுஷன் வீட்டையே தூக்கிக்கொண்டு போனது அதில் எங்கும் தெரியவில்லை.

இப்போது அக்டோபர். புது ஆள் அடுத்த வாரம் வருவார் என்று வெர்காரா மேடம் எல்லா வாரமும் சொல்கிறார். கல்லூரியில் எனக்கு வருகைப்பதிவு போதாது என்று கடிதம் வந்தது. இங்கே ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை என்று பதில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டில் ஏறிப் போன் பேசுவது நான்தான். அம்மாவிடம் ஐந்து நிமிடம், செஃபெரினோவிடம் பத்து நிமிடம்.

"நல்லா இருக்கோம் தம்பி. மெஷின் விடியவிடிய ஓடுது. ஒரே ஒரு கஷ்டம்தான். பன்னெண்டு அடிச்சா தூக்கத்துலயே என் கை தானா எந்திரிச்சு சுவிட்சத் தேடுது. போன வாரம் மெஷின் வயரப் புடுங்கியே விட்டுட்டேன். கைய இழுத்து மெத்தைக்குக் கீழ கட்டிப்போட்டு வச்சிருக்கா."

பின்னாலிருந்து எர்மினியாவின் குரல்: "அவன் சாப்பிட்டானான்னு கேளுங்க முதல்ல!"

"சாப்பிட்டீங்களா?"

"ம்," என்றேன். அவர்களுக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தது. வைத்துவிட்டார்கள்.

ஆறு மணிக்கு எஞ்சினைக் கிளப்புகிறேன். முள் எழும்பும்போது எந்தத் துள்ளல் யாருடையது என்று எனக்கு இப்போது தெரியும். முதல் துள்ளல் நெல்டாவின் ஃப்ரீசர். அடுத்தது பாதிரியாரின் கெட்டில். ஏழு மணிக்கு எல்லோர் வீட்டுத் தொலைக்காட்சியும். அறுபது வீட்டுக்கும் அவர்களுக்குத் தெரியாமலே நான் துணையாக இருக்கிறேன். பேச்சுத்துணைக்கு எஞ்சின். அது ஒரே விஷயத்தைத்தான் பேசும்.

முந்தாநாள் நெல்டா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். நான் தங்கியிருக்கும் அறை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது. கொட்டகைக் கதவைத் திறந்தால் அந்த ஜன்னல் தெரியும்.

"ஏய் யூரி," என்றாள். பெயரைச் சொன்னதால் ஏதோ பெரிய தப்பு என்று எழுந்து நின்றேன். "உன் ரூம்ல லைட்டு எரியுது. ஆளில்லாத எடத்துல எதுக்குடா லைட்டு?"

"ஒன்பது வாட்டுதான்கா. கணக்குல வராது."

திரும்பி அந்த மஞ்சள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, வெறும் மேட்டில் வீடு இருந்த இடத்தையும் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"சரி, எரியட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.